நிலாவெளி மணலில் ஒரு திராட்சைப் பந்தல்

எங்கள் தோட்டத்தின் முதற்கொடிகள் ஈரச்சாக்கில் சுற்றப்பட்டு, ஒரு பழைய உரப்பையில் திணிக்கப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தின் இருக்கைக்கடியில் வந்தவை. 2012 தை மாதத்தில் உரும்பிராயில் இருந்த என் அப்பா தம் பந்தலைக் கத்தரித்தபோது விழுந்த தடிகளில் அறுபதைத் தெரிந்தெடுத்து, தாமே கொண்டு வந்து சேர்த்தார். பென்சில் அளவுத் தடிப்பு, நான்கு கணு, அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும் மேற்பக்கம் நேராகவும் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. எது தலை, எது கால் என்று நடும்போது தடுமாறாமல் இருப்பதற்கே அந்தச் சரிவு. அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதால் ஏழு தடிகளைத் தலைகீழாக ஊன்றினேன். அவை முளைக்கவில்லை. கறையான் தின்றவையும் காய்ந்தவையும் போக நாற்பத்தொரு கன்றுகள் மிஞ்சின.

நிலம் என் கணவரின் தகப்பனாருடையது. திருகோணமலை நிலாவெளி வீதியிலிருந்து உள்ளே தள்ளி, கடற்காற்று எட்டினாலும் கடல் எட்டாத ஒன்றேகால் ஏக்கர். ஒரு காலத்தில் அதில் சின்னவெங்காயம் செய்தார்களாம். 1990இல் ஊர் இடம்பெயர்ந்த பிறகு பற்றை மூடிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப்போன நிலையில் எங்கள் கிணறு தப்பியதே நாங்கள் அங்கே பயிர் செய்யத் துணிந்ததற்கு முதற்காரணம். திராட்சை ஓரளவு வறட்சியைத் தாங்கும், உப்பைத் தாங்காது. ஆகவே கரையோரத்தில் பந்தல் போட நினைப்பவர் கன்று வாங்குவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது நல்லது. அதையும் மாரியில் அல்ல, நீர்மட்டம் இறங்கிய ஆவணியில் எடுத்த தண்ணீரில் பார்க்க வேண்டும்.

மணல்நிலத்தைப் பற்றி அப்பாவுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. உரும்பிராயின் செம்மண்ணில் வளர்ந்தவர், எங்கள் மண்ணைக் கையில் அள்ளி விரலிடுக்கால் ஒழுகவிட்டு, "இது சல்லடை, பிள்ளை. போடுகிறதெல்லாம் கீழே போய்விடும்" என்றார். உண்மைதான். ஆனால் சல்லடையில் தண்ணீரும் தேங்காது. வேர் மூழ்கி அழுகாமல் மாரியைக் கடப்பதற்கு அந்த ஒழுக்கே துணையாயிற்று. இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, அடியில் பனையோலையும் பச்சிலையும் மிதித்து, மேலே மக்கிய மாட்டெருவைக் கலந்து மூடினோம். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் எருவுக்கு ஆகும் செலவைக் குறைக்க முயன்ற ஒவ்வொரு முறையும் குலை சிறுத்துத்தான் வந்தது. மணல் கடன் சொல்லாது.

பந்தற் செலவில் மிச்சம் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். பனங்கப்பு நாட்டி மலிவான கம்பி இழுத்தோம். இரண்டே ஆண்டில் உப்புக்காற்று கம்பியைத் தின்று, காய் பாரம் ஏறிய ஒரு மத்தியானத்தில் பந்தலின் மூலையொன்று அப்படியே படுத்தது. இப்போது கொங்கிறீற்றுத் தூண்களும் நன்கு துத்தநாகம் பூசிய தடித்த கம்பியும் நிற்கின்றன. அந்தத் தொகையை முதலிலேயே போட்டிருந்தால் இருமுறை கட்டியிருக்க வேண்டியதில்லை.

இனி, எங்களை உண்மையில் படிப்பித்த விடயத்துக்கு வருகிறேன். குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் தானே எழும். நம் நாட்டில் அதற்கு உறக்கமே இல்லை. விட்டால் ஆண்டு முழுவதும் இலையாகவே ஓடும். கத்தரித்தால்தான், முதிர்ந்த தடியின் மொட்டிலிருந்து புதுத்துளிர் எழுந்து, அந்தத் துளிரில் பூங்கொத்து வரும். "கொடிக்கு நித்திரை தெரியாது, நாங்கள்தான் கத்தியால் எழுப்ப வேணும்" என்பார் அப்பா. ஆக, கத்தரிக்கும் நாளை விவசாயியே தீர்மானிக்கிறார், அந்த நாள் பூக்கும் நாளையும் பழுக்கும் நாளையும் தீர்மானிக்கிறது. எங்களிடம் உள்ள இனம் யாழ்ப்பாணத்தில் பரவலாக உள்ள இஸ்ரேல் புளூ. கத்தரித்துப் பத்து நாளளவில் துளிர்க்கும், நாற்பது நாளளவில் பூக்கும், ஏறத்தாழ நூற்றுப்பதினைந்து நாளில் பறிக்கலாம்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் என் கணவருக்கு நத்தார்ச் சந்தை கண்ணில் பட்டது. டிசம்பர் நடுவில் பழம் வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் கத்தரிக்க வேண்டும். 2013 ஆகஸ்ட் 25ஆம் திகதி கத்தரித்தோம். ஒக்டோபர் தொடக்கத்தில் பந்தல் முழுதும் பூ. மல்லிகை போலன்றி மிக மெல்லிய, ஏறக்குறைய இல்லாதது போன்ற அதன் வாசனையை அறிய நாங்கள் பந்தலின் கீழ் மூச்சடக்கி நின்றதுண்டு. திருகோணமலைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது என்பது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த எனக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்த செய்தியை என் பந்தலோடு சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

காய் மிளகளவு வந்தபோது மழை பிடித்தது. மூன்றாம் நாள் இலைகளின் மேற்புறத்தில் எண்ணெய் தெறித்தது போல மஞ்சட் புள்ளிகள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், புள்ளிக்கு நேர் கீழே வெண்பஞ்சை ஒட்டியது போன்ற பூஞ்சணம். அடிச்சாம்பல் நோய். அது காம்பின் வழியே குலைக்குள் இறங்கி, காய்கள் முதலில் சாம்பல் நிறமாகி, பின் தோல் நிறமாகச் சுருங்கி, தொட்டவுடன் உதிர்ந்தன. மருந்தடித்தோம், மழை கழுவியது. மறுபடி அடித்தோம், மறுபடி கழுவியது. நவம்பர் முடியுமுன் நாற்பத்தொரு கொடியிலும் வாயில் வைக்க ஒரு பழம் இல்லை.

அந்த மாரியில் கற்றுக்கொண்டதில் பயன்பட்டது போர்டோக் கலவை. 1 கிலோகிராம் மயில்துத்தத்தை (செப்புச் சல்பேற்று) ஒரு பிளாஸ்ரிக் வாளியில் தனியாகவும், 1 கிலோகிராம் நீற்றிய சுண்ணாம்பை வேறொரு வாளியில் தனியாகவும் கரைத்து, துத்தக்கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்கி, மொத்தம் 100 லீற்றராக்க வேண்டும். பிறகு ஒரு பழைய கத்தியைத் தீட்டி, அதன் அலகைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும். அலகில் செம்பு படிந்து செந்நிறம் கண்டால் கலவை இலையைச் சுடும், மேலும் சுண்ணாம்பு தேவை. அலகு வெள்ளையாகவே வந்தால் அடிக்கலாம். கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், நோய் வருமுன் அடிக்க வேண்டும், மழைக்கு முந்திய வரண்ட நாளில். இலைமேல் உலர்ந்து படிந்தால்தான் அது காவல். பிரான்சில் வீதியோரத் தோட்டக்காரர், பழம் திருடுவோர் நஞ்சென்று பயப்படட்டும் என்று நீலமாகத் தெளித்து வைத்த கலவை, அந்தக் கொடிகள் மட்டும் நோயின்றி நின்றதால் மருந்தாயிற்று. அறிஞர் மில்லார்டே அதை 1885இல் முறைப்படி வெளியிட்டார். திருடனுக்குப் போட்ட திட்டம் பூஞ்சணத்தைப் பிடித்த கதை இது. 2021இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி தடைப்பட்டபோது, பெரிய பெயருள்ள மருந்துகளை நம்பியிருந்த அயலவரைவிட நாங்கள் குறைவாகத் தடுமாறியதற்கு, களஞ்சியத்தில் இருந்த மயில்துத்தப் பை காரணம்.

ஆனாலும் மருந்து இரண்டாம் பட்சம். பூவை மழையில் நிறுத்திவிட்டு மருந்தைத் தேடுவது பிழையான தொடக்கம். அடுத்த ஆண்டு நான் நாட்காட்டியைப் பின்னோக்கிப் படித்தேன். எங்கள் பகுதியில் ஆகக் குறைந்த மழை ஜூனில். கச்சான் காற்று அனல் போல வீசி, வெங்காயத்தாள் கூடக் காய்ந்து நிற்கும் காலம். பழம் பழுப்பதற்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. ஜூன் நடுவில் அறுவடை என்றால் பெப்ரவரி 20ஆம் திகதியளவில் கத்தரிக்க வேண்டும். அப்போது மாரி ஓய்ந்திருக்கும், பூப்பது ஏப்ரல் தொடக்கத்தில். அறுவடை முடிந்து ஒரு மாதம் கொடியை ஓய விட்டு, ஜூலைக் கடைசியில் இன்னொரு கத்தரிப்பு. அது பழத்துக்கன்று, அடுத்த ஆண்டு காய்க்கப்போகும் தடிகளை வளர்த்தெடுப்பதற்கு. அந்தத் துளிர்களின் மொட்டுக்குள் அடுத்த பூங்கொத்து உருவாவது முதல் இரண்டு மாதத்துக்குள். அவ்விரண்டு மாதமும் எங்களுக்கு நல்ல வெயில். பிறகு வரும் மழையில் கொடி இலையோடு மட்டும் நிற்கும், இழக்கப் பழம் இராது. மகாராட்டிரத்தின் நாசிக் பகுதியில் மாதங்கள் வேறாயினும் இதே போல இருமுறை கத்தரித்து ஒரே போகம் எடுக்கிறார்கள் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தபோது மனத்துக்குத் தெம்பாக இருந்தது.

அப்பா ஒப்பவில்லை. ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தவருக்கு ஒரு போகம் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. "கொடி தரும், நீங்கள்தான் வாங்க மாட்டோம் என்கிறீர்கள்" என்று தொலைபேசியில் கோபித்தார். 2014 ஜூனில் முதல் நல்ல குலையைப் பனம்பெட்டியில் வைத்து அனுப்பினோம். பாராட்டவில்லை. "விதை பெரிது" என்று மட்டும் சொன்னார். ஆனால் அடுத்த மாரி முடிந்ததும் தாமாகவே இன்னும் நூறு தடிகள் அனுப்பினார்.

பறவைகளை அதிகம் விவரிக்கப் போவதில்லை. மைனா பகலிலும் வௌவால் இரவிலும் முறை வைத்து வரும். கடற்கரையில் கழித்த மீன்வலையை மலிவாக வாங்கிப் போர்த்தலாம், ஆனால் தொய்யாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் வௌவால் சிக்கி, விடியற்காலையில் அதை அறுத்தெடுத்து விடுவது ஒரு பாடு.

வைன் பேச்சு எழுந்தது பழம் விற்காததால். ஜூன் மாதம் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு வெளிநாட்டவர் வரும் பருவம் என்பதால் விற்பனை எளிதென்று எண்ணினோம். 2016இல் ஒரு விடுதி, குலையில் காய்கள் ஒரே அளவில் இல்லையென்று 70 கிலோகிராம் பழத்தை மாலையில் திருப்பி அனுப்பியது. பழம் என்னவோ இனிப்பாகத்தான் இருந்தது. அன்றிரவு மாமியும் நானும் இரண்டு மணி வரை பிழிந்து, காய்ச்சி, பானமாக்கிப் போத்தலில் அடைத்தோம். பிரான்சின் தென்பகுதியில் பல பருவம் திராட்சை பறிக்கும் வேலை செய்த என் தம்பி, அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கள் காய்ச்சிக் கொல்லுகிறதை இங்கே புளிக்க வைத்துப் பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள்" என்றான்.

அவன் சொன்னது எளிது. இந்நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமமின்றி மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம், வீட்டுத் தோட்டத்துப் பழம் என்பது சலுகையாகாது. ஆகவே உரிமம் கைக்கு வரும்வரை நாங்கள் பானத்தோடு நின்றோம். கொடி காய்க்க ஒன்றரை ஆண்டு எடுத்தது, கடதாசி காய்க்க அதைவிடக் கூடுதலாக எடுத்தது. ஓர் அலுவலகத்தில் எங்கள் கோவை இருமுறை காணாமற் போய், இரண்டாம் முறை அதே மேசையில் கிடைத்தது. நான் ஒவ்வொரு தாளுக்கும் மூன்று பிரதி எடுத்து, கையளித்த திகதியில் ஒப்பம் வாங்கி வைத்திருந்தமையால்தான் பிழைத்தோம். இன்னொன்றையும் முன்பே அறிந்திருப்பது நல்லது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் முடியாது. பழப்பானத்துக்கு எழுதிய பெயர்ப்பலகையில் வைனைச் சேர்க்க முடியாது என்பதை வர்ணம் பூசுபவர் வந்த பிறகே உணர்ந்தோம்.

சட்டத்துக்கு அப்பால் அயல் இருக்கிறது. எங்கள் வேலிக்கு மறுபக்கத்தில் முஸ்லிம் குடும்பம். ஆரம்பத்திலிருந்தே பந்தலுக்குத் தண்ணீர் இறைக்க உதவியவர்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் கணவர் அந்த வீட்டு நானாவிடம் போய்ச் சொன்னார். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, "தோட்டம் உங்களுடையது. கழிவுத் தண்ணீர் எங்கள் பக்கம் வரக் கூடாது, எங்கள் பொடியனைப் பழம் பறிக்கவும் கூப்பிடக் கூடாது" என்றார். இரண்டையும் இன்றுவரை காத்து வருகிறோம். பொடியன் எரு ஏற்றும் நாள்களில் மட்டும் வருகிறான்.

2018 ஜூனில் 80 கிலோகிராம் பழத்தோடு தொடங்கினோம். கள் மரத்திலேயே புளிக்கும் ஊரில் வளர்ந்த எங்களுக்கு நொதித்தல் புதுமையாகத் தோன்றவில்லை, அந்த அலட்சியமே கெடுத்தது. பத்து மணி வெயிலில் பறித்த பழத்தை நண்பகலில் நசித்து, தோலோடு பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில் இட்டு, மதுவம் (ஈஸ்ட்) தூவினோம். மறுநாள் தோல்கள் மேலெழுந்து தடித்த ஆடையாக மிதந்தன, காதை வைத்தால் நண்டு வாயூதுவது போன்ற சத்தம். நாளுக்கு இருமுறை அந்த ஆடையை அமுக்கிவிட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான், அமுக்கினோம். மூன்றாம் நாள் வெப்பமானி 37 பாகை செல்சியஸ் காட்டியது. நான்காம் நாள் சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். சாற்றின் சீனியளவைக் காட்டும் நீர்மானியை இட்டபோது சீனியில் பாதி அப்படியே கிடந்தது. நொதித்தல் தானே வெப்பம் உண்டாக்கும் தாக்கம், அறையின் வெப்பத்தோடு அது சேரும்போது 35 பாகையளவில் மதுவம் சோர்ந்துவிடும். சோர்ந்த இடத்தில் காற்றும் இருந்தால் வினாகிரிப் பற்றீரியா குடிவரும். ஆறு வாரத்தில் எங்களிடம் 50 லீற்றர் அருமையான வினாகிரி இருந்தது. மாமி அதில் போட்ட மீன் அச்சாறு ஒன்றரை வருடம் வந்தது.

அடுத்த ஆண்டு விடை மீன்பிடிக்காரரிடமிருந்து வந்தது. ஆழ்கடலுக்குப் போவோர் மீனைப் பேணும் தடித்த ஐஸ்பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி (பழையது மலிவு, ஆனால் அதன் மணத்தை எந்தச் சவர்க்காரமும் எடுக்காது), அதற்குள் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அந்தத் தண்ணீரில் நிறுத்தினோம். காலையும் மாலையும் ஐஸ்கட்டிகளைச் சுற்றிப் போட்டு 28 பாகைக்கு மேல் ஏறாமல் பிடித்தோம். பழத்தை விடியுமுன் பறித்து, வெயில் ஏறுமுன் நசித்தோம். நசித்தவுடன் 10 லீற்றருக்கு 1 கிராம் வீதம் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று என்னும் கந்தக உப்பு இட்டு, வேண்டாத நுண்ணுயிர்களை அடக்கி, மறுநாள் மதுவம் சேர்த்தோம். ஏழாம் நாள் தோலைப் பிழிந்தகற்றி, நிரம்பிய கண்ணாடிக் குடுவைகளில், வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர்ப் பூட்டு வைத்த மூடியோடு விட்டோம். குடுவையில் வெற்றிடம் இருக்கக் கூடாது, வெற்றிடம் என்றால் காற்று, காற்று என்றால் மீண்டும் அச்சாறு. மண்டி அடியில் படியப் படியக் குழாயால் மூன்று முறை வடித்தெடுத்தோம். நொதிக்கும் அறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது, தரையோரம் தங்கும். நாங்கள் கதவின் கீழ்ப்புறத்தில் வழிவிட்டிருக்கிறோம், குனிந்து வேலை செய்பவர் தனியே உள்ளே போவதில்லை.

அந்த வைன் குடிக்கத் தக்கதாக இருந்தது. அதற்கு மேல் புகழ மாட்டேன். உண்ணும் பழத்தின் இனம், புளிப்புக் குறைவு, நிறமும் மெலிவு. சாறு 16 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் ஏறத்தாழ 16 கிராம் சீனி) மட்டுமே காட்டியதால், அப்படியே விட்டால் மதுசாரம் 9 சதவீதத்தைத் தாண்டாது. ஒரு லீற்றருக்கு 17 கிராம் சீனி ஏறத்தாழ ஒரு சதவீதம் கூட்டும் என்ற கணக்கில் 45 கிராம் சேர்த்திருந்தோம்.

திருப்பலிக்கு உதவுமா என்று கேட்க ஒரு போத்தலை எங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டு போனோம். பழைய செபங்களில் திராட்சை இரசத்துக்கு முந்திரிகைப்பழ இரசம் என்று வரும் சொல்லை மாமி சிறுவயது முதல் சொல்லி வந்தவர், தம் கொடியின் இரசம் பீடத்தில் வைக்கப்படுவதைப் பார்க்க ஆசைப்பட்டார். சுவாமி சுவைத்துப் பார்க்கவில்லை. "சீனி போட்டதா?" என்று கேட்டார். போட்டது என்றேன். போத்தலை மேசையில் மெல்ல எங்கள் பக்கம் நகர்த்தினார். திருச்சபைச் சட்டம் 924 திருப்பலி இரசம் திராட்சைக்கனியின் இயற்கை இரசமாக, கெடாததாக இருக்க வேண்டும் என்கிறது. பேணுவதற்காகச் சிறிதளவு கந்தகம் இடுவது வழக்கத்தில் ஏற்கப்பட்டிருந்தாலும் சீனிக்கு அங்கே இடமில்லை என்று விளக்கினார். மாமி வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை.

சீனியைத் தொட்டியில் சேர்க்க முடியாதென்றால் கொடியில்தான் சேர்க்க வேண்டும். கொடிக்கு இருபது குலைக்கு மேல் விடாமல் பிஞ்சிலேயே கழித்தோம். குலையை மறைக்கும் இலைகளைக் காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் கிள்ளினோம். அறுவடைக்குப் பன்னிரண்டு நாள் முன் தண்ணீரை நிறுத்தினோம், மணல் அதைப் பிடித்து வைக்காததால் நிறுத்திய அன்றே கொடிக்குத் தெரிந்துவிடும். கச்சான் மிச்சத்தைச் செய்தது. முதல் ஆண்டு 17 காட்டியது. அதற்கடுத்த ஜூனில், விடியற்காலை நாலரை மணிக்கு, பந்தலின் மேற்கு மூலைக் கொடியின் பழத்தை நசித்து வடித்து நீர்மானியை இட்டேன். கைவிளக்கு வெளிச்சத்தில் கோடு 18இல் நின்றது. மாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாமே ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு அந்த மூலைக் கொடிகளின் பழத்தை மற்றதோடு கலக்காமல் வேறு தொட்டியில் போடும்படி சொல்லி, தொட்டியின் மேல் கரிக்கட்டியால் ஒரு சிறிய சிலுவை போட்டுவிட்டு, சீனி டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.